அலுவலக எக்ஸ்சேஞ்சுக்கும் கிளவுடுக்கும் நடுவில் மெயில் நின்றுபோனால்

ஒரே நிறுவனத்தில் சிலருடைய மெயில்பாக்ஸ் அலுவலகத்து எக்ஸ்சேஞ்ச் சர்வரிலும் மற்றவர்களுடையது மைக்ரோசாஃப்ட் 365 கிளவுடிலும் இருந்தால் அதை ஹைபிரிட் அமைப்பு என்கிறோம். மெயில் அனுப்புகிறவருக்கு இந்தப் பிரிவே தெரியக் கூடாது. பக்கத்து மேசைக்காரருக்குப் போட்ட மெயில் இரண்டு மணி நேரமாக வரவில்லை என்று அவர் எழுந்து வரும்போதுதான், நடுவில் இரண்டு சர்வர்களும் ஒரு ஃபயர்வாலும் ஒரு சர்டிஃபிகேட்டும் இருப்பது எல்லோருக்கும் நினைவுக்கு வருகிறது.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் செய்யும் முதல் தவறு, இரண்டு பக்கத்தையும் இணைத்து அமைக்கும் கருவியான ஹைபிரிட் கான்ஃபிகரேஷன் விசார்டை உடனே மறுபடி ஓட்டுவது. அது பல நேரம் சரிசெய்யும். ஆனால் கையால் மாற்றி வைத்திருந்த சில அமைப்புகளையும் சேர்த்து மேலெழுதிவிடும். பழுது எதனால் வந்தது என்பதும் தெரியாமலே போகும். மெயில் எந்த இடத்தில் நின்றது என்று கண்டுபிடிக்கும்வரை எந்த அமைப்பையும் தொடாதீர்கள்.

முதலில் திசையைப் பிரியுங்கள்

அலுவலகத்திலிருந்து கிளவுடுக்குப் போகும் பாதையும் கிளவுடிலிருந்து அலுவலகத்துக்கு வரும் பாதையும் வேறு வேறு. ஒன்று நன்றாக ஓடும்போதே மற்றொன்று செத்துக் கிடக்கலாம். மெயில் எந்த வழியாகப் போக வேண்டும், யாரிடமிருந்து வாங்க வேண்டும் என்று சொல்லும் அமைப்புக்குக் கனெக்டர் என்று பெயர். அலுவலகத்திலிருந்து போவதற்கு அலுவலக சர்வரில் ஒரு சென்ட் கனெக்டர், கிளவுடில் ஒரு இன்பவுண்ட் கனெக்டர். திரும்பி வருவதற்குக் கிளவுடில் ஒரு அவுட்பவுண்ட் கனெக்டர், அலுவலக சர்வரில் ரிசீவ் கனெக்டர். ஆக நான்கு கனெக்டர்கள். பழுது பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்றில்தான் இருக்கும்.

இரண்டு சோதனை மெயில்பாக்ஸ்களை எப்போதும் தயாராக வைத்திருங்கள்: ஒன்று அலுவலகத்தில், ஒன்று கிளவுடில். வெளியே ஒரு ஜிமெயில் கணக்கும் வேண்டும். அலுவலகத்திலிருந்து கிளவுடுக்கு, கிளவுடிலிருந்து அலுவலகத்துக்கு, ஜிமெயிலிலிருந்து இரண்டுக்கும் என நான்கு மெயில் அனுப்புங்கள். தலைப்பில் திசையையும் நேரத்தையும் எழுதுங்கள்: "அலு-கிள 10.42" என்பதுபோல. பின்னால் லாகில் தேடும்போது இது கைகொடுக்கும். "டெஸ்ட்" என்ற தலைப்பில் இருபது மெயில் கிடந்தால் எது எப்போது போனது என்று யாராலும் சொல்ல முடியாது.

ஜிமெயிலிலிருந்து இரண்டுக்கும் போகிறது, உள்ளுக்குள்தான் போகவில்லை என்றால் பழுது கனெக்டர்களில். ஜிமெயிலிலிருந்தே ஒரு பக்கத்துக்குப் போகவில்லை என்றால், டொமைனின் எம்எக்ஸ் பதிவு (வெளி மெயில் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் டிஎன்எஸ் பதிவு) எந்தப் பக்கத்தைக் காட்டுகிறது என்று பார்த்து, அந்தப் பக்கத்திலிருந்து தேடலைத் தொடங்குங்கள்.

எங்கே நின்றது?

அலுவலகப் பக்கத்தில் பார்க்க வேண்டியவை மூன்று.

முதலாவது க்யூ, அதாவது அனுப்பக் காத்திருக்கும் மெயில்களின் வரிசை. எக்ஸ்சேஞ்ச் டூல்பாக்ஸில் க்யூ வியூவரைத் திறங்கள், அல்லது எக்ஸ்சேஞ்சின் கட்டளைத் திரையான ஷெல்லில் கெட்-க்யூ என்று கொடுங்கள். நிறுவனத்தின் பெயரோடு மெயில்.ஆன்மைக்ரோசாஃப்ட்.காம் என்று முடியும் டொமைனுக்கான வரிசையில் மெயில் குவிந்து, நிலை "ரீட்ரை" என்று இருந்தால், சர்வர் அனுப்பப் பார்க்கிறது, மறுபக்கம் வாங்கவில்லை என்று பொருள். அந்த வரிசையின் "லாஸ்ட் எரர்" பத்தியில் இருக்கும் வாக்கியத்தை முழுதாக நகலெடுத்துக்கொள்ளுங்கள். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

இரண்டாவது மெசேஜ் டிராக்கிங் லாக். க்யூ காலியாக இருந்தும் மெயில் போய்ச் சேரவில்லை என்றால் இங்கே வாருங்கள். கெட்-மெசேஜ்ட்ராக்கிங்லாக் கட்டளையில் அனுப்பியவரையும் நேரத்தையும் கொடுத்துத் தேடினால் "ரிசீவ்", "ரிசால்வ்", "சென்ட்எக்ஸ்டெர்னல்", "ஃபெயில்" என்று நிகழ்வுகள் வரும். கிளவுடின் பெயரோடு "சென்ட்எக்ஸ்டெர்னல்" என்று ஒரு வரி இருந்தால் உங்கள் சர்வர் மெயிலை ஒப்படைத்துவிட்டது. இனி கிளவுடில்தான் தேட வேண்டும். "டெலிவர்" என்று இருந்தால் எச்சரிக்கை: அலுவலகத்திலேயே ஒரு மெயில்பாக்ஸில் அது விழுந்திருக்கிறது. ஒரே ஆளுக்கு இரண்டு பக்கமும் மெயில்பாக்ஸ் உருவாகியிருந்தால் இப்படித்தான் நடக்கும். யாரும் திறக்காத பெட்டியில் மெயில் சேர்ந்துகொண்டே இருக்கும், பவுன்ஸும் (போய்ச் சேரவில்லை என்று திரும்பி வரும் மெயில்) வராது. இந்த லாக் இயல்பாக 30 நாள்தான் இருக்கும்.

மூன்றாவது புரோட்டோகால் லாக். இரண்டு சர்வர்கள் பேசிக்கொண்டதை வரிக்கு வரி காட்டுவது இதுதான். கனெக்டரின் அமைப்பில் லாகிங் அளவை "வெர்போஸ்" என்று மாற்றி, ஒரு சோதனை மெயில் அனுப்பிவிட்டு, லாக் ஃபோல்டரில் "எஸ்எம்டிபி சென்ட்", "எஸ்எம்டிபி ரிசீவ்" என்ற இரண்டில் உரியதைத் திறங்கள். வெளியிலிருந்து வரும் இணைப்புகள் "ஃப்ரன்ட்எண்ட்" ஃபோல்டரிலும், வெளியே போகிறவை பெரும்பாலும் "ஹப்" ஃபோல்டரிலும் பதிவாகும். ஃபோல்டர் மாற்றிப் பார்த்துவிட்டு லாகே இல்லை என்று சொல்கிறவர்கள் நிறைய.

கிளவுடில் எக்ஸ்சேஞ்ச் நிர்வாக மையத்தின் மெசேஜ் டிரேஸ் போதும். 90 நாள் வரை பின்னோக்கித் தேடலாம். அதில் மெயிலின் பெயரே இல்லை என்றால் கிளவுடை அது எட்டவே இல்லை. "பெண்டிங்" என்றால் கிளவுட் அலுவலகத்துக்குக் கொடுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறது. "குவாரன்டைன்ட்" என்றால் கனெக்டரில் குற்றமில்லை, வடிகட்டியிடம் கேளுங்கள்.

இணைப்பு வருகிறதா

சர்வர்கள் மெயிலைக் கைமாற்றும் நெறிமுறையான எஸ்எம்டிபி ஓடுவது 25ஆம் போர்ட்டில். அலுவலக சர்வரிலிருந்தே டெஸ்ட்-நெட்கனெக்ஷன் கட்டளையில் கிளவுடின் எம்எக்ஸ் பெயரையும் போர்ட் 25ஐயும் கொடுத்துப் பாருங்கள். உங்கள் லேப்டாப்பிலிருந்து பார்ப்பதில் பயனில்லை. ஃபயர்வால் விதி சர்வரின் முகவரிக்குத்தான் எழுதப்பட்டிருக்கும்.

கிளவுடிலிருந்து வரும் பக்கத்தில், மைக்ரோசாஃப்டின் மெயில் சர்வர்கள் 40.92.0.0/15, 40.107.0.0/16, 52.100.0.0/14, 104.47.0.0/17 ஆகிய வரம்புகளிலிருந்து வருகின்றன. இவற்றில் ஒன்றை மட்டும் ஃபயர்வாலில் விட்டுவிட்டால் சில மெயில் வரும், சில மணிக்கணக்கில் தாமதித்து வரும். காரணமே இல்லாமல் விட்டுவிட்டு வருவதுபோல் தெரியும் பழுதுகளில் முதலில் இதைச் சந்தேகியுங்கள். பட்டியல் மாறக்கூடியது என்பதால் மைக்ரோசாஃப்ட் வெளியிடும் முகவரிப் பட்டியலோடு அவ்வப்போது ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

போர்ட் திறந்திருந்தால் மட்டும் போதாது. டெல்நெட்டில் 25ஆம் போர்ட்டுக்குப் போய், 220 என்று தொடங்கும் வரவேற்பு வந்ததும், இஹெச்எல்ஓ என்று அடித்து உங்கள் சர்வரின் பெயரைக் கொடுங்கள். பதிலாக 250 என்று தொடங்கும் பல வரிகள் வரும். அவற்றில் ஒன்று, மறையாக்கத்தைத் தொடங்கலாம் என்று சொல்லும் "ஸ்டார்ட்டிஎல்எஸ்" என்று இருக்க வேண்டும். அந்த இடத்தில் எக்ஸ் என்ற ஆங்கில எழுத்து ஏழு முறை வந்து முடிவில் ஏ நின்றால், அல்லது 220க்குப் பிறகு சர்வரின் பெயருக்குப் பதிலாக நட்சத்திரக் குறிகளாக வந்தால், சிஸ்கோ வகை ஃபயர்வாலின் எஸ்எம்டிபி இன்ஸ்பெக்ஷன் நடுவில் புகுந்து அந்தச் சொல்லை அழித்திருக்கிறது. எதிர்ப்பக்க சர்வருக்கு மறையாக்கம் இருப்பதே தெரியாமல் போகும். க்யூவில் "ஸ்டார்ட்டிஎல்எஸ் இஸ் ரிக்வயர்ட்" என்ற 5.7.3 பிழையைப் பார்ப்பீர்கள். எக்ஸ்சேஞ்சில் எதையும் மாற்ற வேண்டாம். நெட்வொர்க் குழுவிடம் அந்தத் திரையைக் காட்டி, இந்தப் போக்குவரத்துக்கு மட்டும் இன்ஸ்பெக்ஷனை நிறுத்தச் சொல்லுங்கள்.

இதே காரணத்தால்தான் அலுவலக எக்ஸ்சேஞ்சுக்கும் கிளவுடுக்கும் நடுவில் வேறு நிறுவனத்தின் ஸ்பாம் கருவியையோ மெயில் கேட்வேயையோ வைக்கக் கூடாது என்கிறோம். மைக்ரோசாஃப்டின் எட்ஜ் ட்ரான்ஸ்போர்ட் சர்வர் ஒன்றுதான் விதிவிலக்கு. இணைப்பின் ஒரு முனையில் எக்ஸ்சேஞ்சின் சர்டிஃபிகேட்டும் மறுமுனையில் கிளவுடும் நேருக்கு நேர் கைகுலுக்க வேண்டும்.

சர்டிஃபிகேட்: பாதிப் பழுதுகள் இங்கேதான்

ஹைபிரிடில் சர்டிஃபிகேட்டின் வேலை மறையாக்கத்தோடு முடிவதில்லை. "இந்த மெயில் நம் நிறுவனத்தின் சர்வரிடமிருந்துதான் வருகிறது" என்று கிளவுட் நம்புவதற்கான அடையாள அட்டையும் அதுவே. இன்பவுண்ட் கனெக்டரில் ஒரு சர்டிஃபிகேட் பெயர் எழுதப்பட்டிருக்கும். அலுவலக சர்வர் நீட்டும் சர்டிஃபிகேட்டில் அந்தப் பெயர் இருக்க வேண்டும். அந்தப் பெயரின் டொமைன் உங்கள் டெனன்டில் (மைக்ரோசாஃப்ட் 365 கிளவுடில் உங்கள் நிறுவனத்துக்கு உரிய பகுதி) பதிவான டொமைனாகவும் இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் கிளவுடுக்கு நீங்கள் முகம் தெரியாத ஆள். 5.7.64 என்ற எண்ணோடு "டெனன்ட் ஆட்ரிபியூஷன், ரிலே ஆக்சஸ் டினைட்" என்று வரும் பிழை இதுதான்.

அடுத்தது புதுப்பிக்கும்போது வரும் சிக்கல். சென்ட் கனெக்டரில் சர்டிஃபிகேட்டின் பெயர், அதை வழங்கிய நிறுவனத்தின் முழுப் பெயர், பிறகு சர்டிஃபிகேட்டின் சொந்தப் பெயர் என இரண்டையும் ஒட்டி ஒரே வரியாகச் சேமிக்கப்பட்டிருக்கும். நீங்கள் புதிய சர்டிஃபிகேட் வாங்கி, நிறுவி, வெப்மெயிலில் பூட்டுக்குறி சரியாக வருகிறது என்று பார்த்துத் திருப்தியடைந்துவிடுவீர்கள். வழங்கும் நிறுவனம் தன் இடைநிலைச் சர்டிஃபிகேட்டின் பெயரை மாற்றியிருந்தால், கனெக்டரில் இருக்கும் வரி பழையதையே தேடிக்கொண்டிருக்கும். பழையது காலாவதியான நாளில், அல்லது அதை நீக்கிய கணத்தில், க்யூ 454 4.7.5 என்ற பிழையோடு நிற்கும்.

சரிசெய்யும் முறை:

1. கெட்-எக்ஸ்சேஞ்ச்சர்டிஃபிகேட் கட்டளையில் புதிய சர்டிஃபிகேட்டின் தம்ப்பிரின்ட் (அடையாளக் குறியீடு), இஷ்யூயர் (வழங்கிய நிறுவனம்), சப்ஜெக்ட் (சொந்தப் பெயர்) மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். எஸ்எம்டிபி சேவை அதற்கு ஒதுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஒதுக்கும்போது "இயல்பான எஸ்எம்டிபி சர்டிஃபிகேட்டை மேலெழுதவா" என்று கேட்டால் இல்லை என்று சொல்லுங்கள். சர்வர்கள் தங்களுக்குள் பேசப் பழைய சுயக் கையொப்பச் சர்டிஃபிகேட் வேண்டும்.

2. இஷ்யூயருக்கு முன் கோண அடைப்பில் ஐ, சப்ஜெக்டுக்கு முன் கோண அடைப்பில் எஸ் என்ற ஆங்கில எழுத்துகளை வைத்து, நடுவில் இடைவெளி இல்லாமல் ஒட்டுங்கள். இதைச் சென்ட் கனெக்டரின் டிஎல்எஸ் சர்டிஃபிகேட் பெயராகக் கொடுங்கள்.

3. வெளியிலிருந்து வாங்கும் டீஃபால்ட் ஃப்ரன்ட்எண்ட் ரிசீவ் கனெக்டரிலும் இதையே செய்யுங்கள். சர்வர் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். மூன்று சர்வர் இருந்து இரண்டில் மட்டும் மாற்றினால், மூன்றில் ஒரு பங்கு மெயில் மட்டும் தடுமாறும்.

4. ட்ரான்ஸ்போர்ட், ஃப்ரன்ட்எண்ட் ட்ரான்ஸ்போர்ட் ஆகிய இரு சேவைகளையும் மறுதொடக்கம் செய்யுங்கள்.

5. புதிய சர்டிஃபிகேட்டின் பெயர் மாறியிருந்தால் கிளவுடின் இன்பவுண்ட் கனெக்டரிலும் மாற்றுங்கள்.

பழைய சர்டிஃபிகேட்டை ஒரு நாள் கழித்து நீக்குங்கள். கனெக்டர் இன்னும் அதைப் பிடித்துக்கொண்டிருந்தால், நீக்கினால் மெயில் ஓட்டம் அறுந்துபோகும் என்று எக்ஸ்சேஞ்சே எச்சரித்து மறுக்கும். இந்த வேலை இனி அடிக்கடி வரும். பொதுச் சர்டிஃபிகேட்டுகளின் அதிகபட்ச ஆயுள் 398 நாளாக இருந்தது. 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100 நாள், 2029 மார்ச் 15 முதல் 47 நாள் என்று சுருக்க ஏற்கெனவே முடிவாகிவிட்டது. மேலே உள்ள படிகளை இப்போதே ஒரு ஸ்கிரிப்டாக எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

தவறான கனெக்டர் பிடித்துக்கொள்வது

கிளவுடிலிருந்து அலுவலகத்துக்கு வராத மெயிலில் அதிகம் ஏமாற்றும் பழுது இது. பிரிண்டரும் ஸ்கேனரும் மெயில் அனுப்புவதற்காக யாரோ எப்போதோ ஒரு தனி ரிசீவ் கனெக்டரை உருவாக்கி, உள்முக ஐபி வரம்பு முழுவதையும் அதற்குக் கொடுத்திருப்பார்கள். வரும் இணைப்பின் ஐபிக்கு எந்தக் கனெக்டரின் வரம்பு குறுகலாகப் பொருந்துகிறதோ அதைத்தான் எக்ஸ்சேஞ்ச் தேர்ந்தெடுக்கும். ஃபயர்வால் வெளியிலிருந்து வரும் இணைப்புகளின் முகவரியை மாற்றி, தன் உள்முக ஐபியைப் போட்டு அனுப்பினால், மைக்ரோசாஃப்டின் சர்வரும் ஸ்கேனர்போலத்தான் தெரியும். ஸ்கேனர் கனெக்டர் சுயக் கையொப்பச் சர்டிஃபிகேட்டை நீட்டும், கிளவுட் மறுத்துப் போய்விடும்.

புரோட்டோகால் லாகின் ஒவ்வொரு வரியிலும் கனெக்டரின் பெயர் இருக்கும். அங்கே ஸ்கேனர் கனெக்டரின் பெயரும், வந்த முகவரியாக ஃபயர்வாலின் ஐபியும் தெரிந்தால் விஷயம் உறுதி. ஃபயர்வால் உண்மையான முகவரியை அப்படியே விட வேண்டும். ஸ்கேனர் கனெக்டரின் வரம்பையும் அந்தக் கருவிகளின் ஐபிகளுக்கு மட்டும் சுருக்குங்கள். இதைத் தள்ளிப்போடாதீர்கள். அந்தக் கனெக்டருக்கு வெளியே ரிலே செய்யும் அனுமதி இருந்தால், உலகத்தில் யார் வேண்டுமானாலும் உங்கள் சர்வர் வழியாக ஸ்பாம் அனுப்பலாம்.

போய்ச் சேர்கிறது, ஆனால் அந்நியனாக

அலுவலகத்தில் இருப்பவர் அனுப்பியது கிளவுடில் ஜங்க் ஃபோல்டரில் விழுகிறது. கூட்ட அறையை முன்பதிவு செய்தால் பதிலே வருவதில்லை. உள்ளவர்களுக்கு மட்டும் திறந்திருக்கும் குழுவுக்கு அனுப்பினால் 5.7.133 என்று திரும்புகிறது. விடுப்பில் இருப்பவரிடமிருந்து வெளியாட்களுக்கான தானியங்கிப் பதில் வருகிறது. இவை நான்கும் ஒரே நோயின் அறிகுறிகள்.

வந்த மெயிலின் ஹெடரைத் திறந்து "ஆர்கனைசேஷன்-ஆத்அஸ்" என்று முடியும் வரியைப் பாருங்கள். "இன்டர்னல்" என்று இருக்க வேண்டும். "அனானிமஸ்" என்று இருந்தால் வழியில் உள் அடையாளம் உதிர்ந்துவிட்டது. சென்ட் கனெக்டரிலும் கிளவுடின் கனெக்டர்களிலும் "கிளவுட் சர்வீசஸ் மெயில் எனேபிள்ட்" உண்மை என்று இருக்கிறதா பாருங்கள். திரும்பும் திசையில் ரிசீவ் கனெக்டரின் டிஎல்எஸ் டொமைன் கேபபிலிட்டீஸில் மெயில்.புரொடெக்ஷன்.அவுட்லுக்.காம் இருக்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தும் அனானிமஸ் வந்தால், ஹெடரின் "ரிசீவ்ட்" வரிகளைக் கீழிருந்து மேலாகப் படியுங்கள். எக்ஸ்சேஞ்சுக்கும் கிளவுடுக்கும் நடுவில் மூன்றாவது ஒரு கருவியின் பெயர் அநேகமாகத் தென்படும்.

முகவரிப் பிழைகளும் சுழல்களும்

5.4.1, "ரெசிபியன்ட் அட்ரஸ் ரிஜெக்டட்": கிளவுடில் டொமைன் "அதாரிடேட்டிவ்" (அதன் எல்லா முகவரிகளும் இங்கேயே தெரியும், தெரியாததை மறு) என்று இருக்கிறது, ஆனால் அந்தப் பெயர் கிளவுடின் டைரக்டரியில் இல்லை. புதிதாகச் சேர்ந்தவர் என்றால், அலுவலக டைரக்டரியைக் கிளவுடுக்குக் கொண்டுபோகும் என்ட்ரா கனெக்ட் ஒத்திசைவு 30 நிமிடத்துக்கு ஒருமுறைதான் ஓடும். அதைக் கையால் ஓட்டிப் பாருங்கள்.

5.1.1 அல்லது 5.1.10: பெறுநரை அந்த சர்வருக்குத் தெரியவில்லை. அலுவலக சர்வரே இப்படிச் சொன்னால், ஆக்டிவ் டைரக்டரியில் பயனரை உருவாக்கி நேரடியாகக் கிளவுடில் லைசென்ஸ் கொடுத்திருப்பார்கள். கிளவுடில் மெயில்பாக்ஸ் வந்துவிடும், அலுவலக எக்ஸ்சேஞ்சுக்கு ஆளே தெரியாது. எனேபிள்-ரிமோட்மெயில்பாக்ஸ் கட்டளையில் மெயில்.ஆன்மைக்ரோசாஃப்ட்.காம் என்று முடியும் ரூட்டிங் முகவரியைக் கொடுத்தால் சரியாகும். பவுன்ஸில் "ஐஎம்சிஇஏஇஎக்ஸ்" என்று தொடங்கும் நீளமான முகவரி இருந்தால் அது வேறு: பழைய மெயிலுக்குப் பதில் எழுதியிருக்கிறார்கள், அல்லது அவுட்லுக்கின் தானியங்கி நிரப்பல் பழைய முகவரியைக் கொடுத்திருக்கிறது. அந்த முகவரியை எக்ஸ்500 முகவரியாகப் பெறுநரிடம் சேர்த்துவிடுங்கள்.

5.4.14, "ஹாப் கவுன்ட் எக்சீடட்": மெயில் இரண்டு சர்வர்களுக்கும் நடுவில் பந்தாடப்பட்டிருக்கிறது. அலுவலகம் "அவர் கிளவுடில்" என்கிறது, கிளவுட் "அவர் அலுவலகத்தில்" என்கிறது. லைசென்ஸ் பறிக்கப்பட்டு மெயில்பாக்ஸ் போய்விட்டது, அலுவலகத்தில் ரிமோட் மெயில்பாக்ஸ் (இவர் கிளவுடில் இருக்கிறார் என்று காட்டும் பதிவு) மட்டும் மிச்சம் என்றால் இது நடக்கும். டொமைன் இரண்டு பக்கமும் "இன்டர்னல் ரிலே" (இங்கே தெரியாத முகவரியை மறுபக்கத்துக்கு அனுப்பு) என்று இருந்து, பெயர் எழுத்துப்பிழையோடு வந்தாலும் நடக்கும். எல்லா முகவரிகளும் ஒத்திசைந்திருந்தால் இரண்டு பக்கமும் அதாரிடேட்டிவ் ஆக்கிவிடுங்கள்.

452 4.3.1 வந்தால் அலுவலக சர்வரின் டிஸ்க் நிறைந்திருக்கிறது. லாக்களை அகற்றி இடம் செய்யுங்கள், மெயில் தானாக ஓடும்.

4.7.230 அல்லது 5.7.230 என்றால் உங்கள் எக்ஸ்சேஞ்ச் பழையது. ஆதரவோ அப்டேட்டோ இல்லாத சர்வர்களிடமிருந்து கனெக்டர் வழியாக வரும் மெயிலை மைக்ரோசாஃப்ட் முதலில் மெதுவாக்கும், பிறகு தடுக்கும். எக்ஸ்சேஞ்ச் 2013க்கு ஆதரவு 2023 ஏப்ரலில் முடிந்தது, 2016க்கும் 2019க்கும் 2025 அக்டோபர் 14ல் முடிந்தது. இதற்கு அமைப்பில் திருத்தம் எதுவும் கிடையாது, எக்ஸ்சேஞ்சின் சப்ஸ்கிரிப்ஷன் எடிஷனுக்கு மாற வேண்டும்.

சரிசெய்த பிறகு

க்யூ வியூவரில் நின்ற வரிசையைத் தேர்ந்து "ரீட்ரை" கொடுங்கள். மெயில் வரிசையாகக் கரைவதைக் கண்ணால் பாருங்கள். கிளவுடில் கனெக்டரின் "வேலிடேட்" பொத்தானை அழுத்தி, அலுவலகத்து முகவரி ஒன்றைக் கொடுத்துச் சோதியுங்கள். அந்த நான்கு சோதனை மெயிலையும் புதிய நேரத்தோடு மறுபடி அனுப்பி, கிளவுடில் வந்ததன் ஹெடரில் ஆத்அஸ் வரி இன்டர்னல்தானா என்று பாருங்கள். புரோட்டோகால் லாகிங்கை அப்படியே வெர்போஸில் விட்டுவிடலாம், அடுத்த முறை உதவும். டிஸ்க் இடத்தை மட்டும் கவனியுங்கள்.

அலுவலக சர்வர் மெயிலை இயல்பாக 2 நாள் வைத்திருந்து முயலும், கிளவுட் 24 மணி நேரம். அதைத் தாண்டியவை 4.4.7 என்று அனுப்பியவருக்கே திரும்பியிருக்கும், தானாக மறுபடி போகாது. டிராக்கிங் லாகிலும் மெசேஜ் டிரேஸிலும் அந்த நேரத்துத் தோல்விகளை மட்டும் எடுத்து, அனுப்பியவர்களின் பெயர்ப் பட்டியல் தயாரித்து, எந்த மெயிலை மறுபடி அனுப்ப வேண்டும் என்று ஒவ்வொருவருக்கும் தலைப்போடு சொல்லிவிடுங்கள்.